பார்க்காவிட்டாலும் இருக்கும்

பலகை உள்ளே நகரத் தொடங்கியதும் செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள், மூடியதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டு உடனே திறந்தாள். மூக்குக்கு நாலு விரல் மேலே வெள்ளைக் கூரை. முகத்தின் மேல் கூண்டு மாதிரி ஒன்றைக் கவிழ்த்துப் பூட்டியிருந்தார்கள். இரண்டு காதிலும் பஞ்சு, அதற்கு மேல் ஹெட்போன். வலது காதுக்கு அது வீண்தான். நாலு மாதமாக அந்தக் காதில் வெளிச்சத்தம் எதுவும் ஒழுங்காக விழுவதில்லை, உள்ளே மட்டும் குக்கர் விசில் அடங்குகிற கடைசி நேரத்து இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தாள் ஸ்கேன் எடுக்கிற ஸ்டெல்லா. "பயமா இருந்தா அமுக்குங்கம்மா, வெளிய எடுத்துருவேன். ஆனா எடுத்தா மறுபடி முதல்ல இருந்துதான். நாப்பது நிமிஷம். தலை அசையவே கூடாது." அமுக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்து, வாய் அசைந்தால் தலையும் அசையுமோ என்று பேசாமல் படுத்திருந்தாள். ஐம்பத்து மூன்று வயது. கோவில்பட்டியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தேழு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல். கொட்டகை மாதிரி வகுப்பில் அறுபது பெண்பிள்ளைகளை ஒரு தொண்டைச் செருமலில் அடக்குகிறவள், இப்போது எச்சிலை எப்போது விழுங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். மூக்குத்தி இல்லாத மூக்கு குளிர்ந்தது. கழற்றி அண்ணன் கையில் கொடுத்தபோது அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் தேவையா செம்பகம், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, எந்திரிச்சு வா போவோம்" என்றார். அவள் பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டாள். பதில் சொல்லாமல். நினைப்பு எப்போதும் அங்கேதான் போய் நிற்கிறது. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் டக் டக் என்று கதவைத் தட்டுவதுபோல, பிறகு யாரோ தகரக் கூரையைக் கடப்பாரையால் இடிப்பதுபோல. சுருள் கம்பியில் மின்சாரம் மாறி மாறிப் பாய்கிறபோது கம்பி அதிர்கிறது, அவ்வளவுதான், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்த சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வயிறு பயந்தது. வயிற்றுக்கு இயற்பியல் தெரியாது. சரி, வயிற்றுக்கும் பாடம் எடுப்போம், பி செக்‌ஷன் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வோம். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன், ஒவ்வொரு ஹைட்ரஜனின் நடுவிலும் ஒரு புரோட்டான், ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம். நாம் பார்க்கிற காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயும், கொஞ்சம் சாய்வு, இன்னும் கொஞ்சம் சாய்வு. புரோட்டான் அப்படி இல்லை. இந்தப் பெரிய காந்தத்துக்குள் வைத்து நீ எந்தப் பக்கம் என்று அளந்தால் இரண்டே விடைதான். காந்தத்தோடு, அல்லது காந்தத்தை எதிர்த்து. நடுவில் ஒரு விடை வந்ததே இல்லை. சரிவு இல்லை பிள்ளைகளா, படிக்கட்டு. குவாண்டம் என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் அதுதான், இயற்கை ஆற்றலைக் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுக விடுவதில்லை, எண்ணி எண்ணி உருண்டையாகத்தான் கொடுக்கும். கீழ்ப்படியில் நிற்பதை மேல்படிக்கு ஏற்ற, அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிற ரேடியோ அலை வேண்டும். பொருந்தாத அலையை எத்தனை நேரம் பாய்ச்சினாலும் ஏறாது. ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கிற மிஷின் இருந்ததே, நினைவிருக்கிறதா, அதற்குரிய காசைப் போட்டால்தான் விளக்குச் சுற்றி அட்டை விழும், சின்னக் காசை மூட்டையாகக் கொட்டினாலும் விழாது. ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே குதிப்பதும் அப்படித்தான், எவ்வளவு பளீரென்று அடித்தாலும் சிவப்பு வெளிச்சத்துக்கு மசியாத துத்தநாகம் மங்கலான புற ஊதா ஒளிக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். பிள்ளைகள் அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். இப்போது என் தலைக்குள் அதே விதிதான் நடக்கிறது, கோடானுகோடிப் புரோட்டான்கள், அதில் பத்து லட்சத்துக்கு நாலைந்துதான் கணக்கில் கூடுதலாகக் காந்தத்தோடு நிற்கின்றன, அந்த நாலைந்தை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு பெரிய மிஷின். ரேடியோ அலை அவற்றைத் தட்டிவிடுகிறது, அவை பழைய நிலைக்குத் திரும்புகிறபோது கொடுக்கிற துளி அலையை இந்தக் கூண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. மூளையில் ஒரு வேகத்தில் திரும்பும், தண்ணீரில் ஒரு வேகத்தில், கட்டியில் வேறு வேகத்தில். கட்டியில். பாடம் அங்கே நின்றுபோனது.

காது டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, "கேக்கிற நரம்புல என்னமோ இடிக்குது போல, ஸ்கேன் பாத்திருவோம்" என்றார், ஆனால் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு நாலாக மடித்தார். உலகநாதன், தபால் ஆபீசில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா செத்த பிறகு தங்கையைப் படிக்கவைத்தவர், கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது ஊரே பேசியும் ஒரு வார்த்தை கேட்காதவர், அவர் வீட்டில்தான் அவள் இருபத்தாறு வருஷமாகச் சாப்பிடுகிறாள். சீட்டை மடித்துவிட்டு, "தென்காசிக்குப் போயிட்டு வந்துருவோம், அவரு பாத்துக்கிடுவாரு" என்றார். அவர். தென்காசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாரா வாரம் முகாம் நடத்துகிறவர், வெள்ளைக் கதர் ஜிப்பா, பேருக்கு முன்னால் டாக்டர். குவாண்டம் சிகிச்சை. அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்கும்போதெல்லாம் செண்பகவல்லிக்குத் தன் வீட்டுப் பாத்திரத்தை யாரோ களவாண்டு போய்த் தெருவில் வைத்து விற்பதைப் பார்ப்பதுபோல இருக்கும். மதினி உயிரோடு இருந்தபோது அவளோடும் அண்ணனோடும் இவளும் ஒரு தடவை போனாள், கோவில்பட்டியில் கல்யாண மண்டபத்தில் அறிமுகக் கூட்டம் போட்டிருந்தார்கள், மூன்றாவது வரிசை. மேடையில் திரை, திரையில் ஒரு படம், இரண்டு பிளவு, பின்னால் வரிவரியாகக் கோடுகள். அவள் பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே படம். "எலக்ட்ரானை நீங்க பாத்தா ஒரு மாதிரி, பாக்காட்டா வேற மாதிரி! இது விஞ்ஞானம், நான் சொல்லல! உங்க கட்டியும் அப்படித்தான். அதைப் பாக்கிறதை நிறுத்துங்க, அது அலையாக் கரைஞ்சு போகும்." மண்டபம் கை தட்டியது. மதினி தட்டினாள். அண்ணன் தட்டினார். அவளும் தட்டினாள். இரண்டு தடவை, மரியாதைக்கு. உள்ளங்கை ஒன்றையொன்று தொட்ட அந்தச் சின்னச் சத்தம் இந்தக் கடப்பாரைச் சத்தத்துக்குள்ளும் கேட்கிறது, அதுவும் செத்த காதில்.

ஏன் எழுந்து நிற்கவில்லை. எழுந்து சொல்லியிருக்கலாம், ஐயா, படம் சரி, பாதிக் கதை சரி, மீதி பொய். எலக்ட்ரானை ஒன்று ஒன்றாக விட்டாலும் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து கடைசியில் வரி வரியாகச் சேருகிறது என்பது நிஜம். அது இந்தப் பிளவு வழியாகவா அந்தப் பிளவு வழியாகவா என்றால் இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியாது, இரண்டு வழியும் அதன் கணக்கில் கலந்திருக்கிறது, அடுத்த புள்ளி எங்கே விழும் என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது, எங்கே விழ எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்லலாம், அது நம் அறிவு போதாமல் இல்லை, இயற்கையே அப்படி. முப்பது தடவை பாடம் எடுத்தும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். எது வழியாகப் போனது என்று அறிய ஒரு கருவியை வைத்தால் வரிகள் அழிந்துபோகும், அதுவும் நிஜம். ஆனால் ஐயா, பார்ப்பது என்று நாங்கள் சொல்வது கண்ணால் பார்ப்பதும் இல்லை, மனசில் நினைப்பதும் இல்லை. போன தடம் எங்காவது பதிந்தால் போதும், ஒரு கருவியில், இடையில் வந்து முட்டிய ஒரு காற்றுத் துணுக்கில். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தாலும் வரிகள் அழியும். ஆயிரம் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரியே வா என்று நினைத்தாலும் திரும்பி வராது. எலக்ட்ரானுக்கு உங்கள் மனசைப் பற்றிக் கவலை இல்லை. கட்டிக்கும் இல்லை. கட்டி என்பது எத்தனை கோடி அணு, அதைச் சுற்றி ஓடுகிற ரத்தமும் சூடும் ஒவ்வொரு கணமும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, பிறகு எங்கே அது அலையாகப் போகும். மதினி பார்த்தாலும் இருக்கும். மதினி பார்க்காவிட்டாலும் இருக்கும். எட்டு மாதம் மதினி தன் மாரில் இருந்த கட்டியைப் பார்க்கவில்லை. குளிக்கிறபோதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு குளித்தாள்.

சத்தம் சட்டென்று நின்றது. பலகை வெளியே வந்தது. தலைக்கு மேல் ஸ்டெல்லாவின் முகம், கையில் ஊசி. "பாதி முடிஞ்சுருச்சும்மா. இப்ப மருந்து ஒண்ணு போட்டுட்டு மறுபடி எடுக்கணும், படம் தெளிவா விழும்." ஊசி முழங்கை மடிப்பில் குளிர்ச்சியாக இறங்கியது. ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கினாள். "வெளிய இருக்கிறவரு உங்க வீட்டுக்காரரா?"

"அண்ணன்."

"ரிப்போர்ட்டை இப்பக் குடுக்க வேண்டாம்ங்கிறாரு. உங்களுக்கும் சொல்லக் கூடாதாம். ஒரு வாரம் கழிச்சு அவரே வந்து வாங்கிக்கிடுவாராம். மூணு மணிக்கு ஏதோ பஸ்ஸுக்குப் போகணும்னு ரெண்டு தடவை வந்து சொல்லிட்டாரு."

கூண்டுக்குள் தலை அசையாமல், "எங்கிட்டதான் குடுக்கணும்," என்றாள் செண்பகவல்லி. "தலை என்னோடது."

ஸ்டெல்லா சிரித்தாள். "டாக்டர் கம்ப்யூட்டர்லயே பாத்துருவாரும்மா. மேல ரெண்டாவது மாடி. முடிஞ்சதும் நீங்களே போய்ப் பாருங்க."

மறுபடி உள்ளே. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மூணு மணி பஸ் என்றால் தென்காசி பஸ்தான். அப்படியென்றால் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மதுரைக்குக் கூட்டி வந்திருக்கிறார், பையில் மாற்றுச் சேலைகூட இருக்கும். கோபம் வந்தது, கோபம் நல்லது, வயிற்றுக்குச் சூடாக இருந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே அண்ணன் முகம் வந்தது, மதினி காரியம் முடிந்த மறுநாள் அதே முகாம்காரர் வீட்டுக்கு வந்து, "கடைசி நேரத்துல அவங்க நம்பிக்கை தளந்துருச்சு, அதான்" என்று சொன்னபோது அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டிருந்த முகம். அவர் ஏன் இன்னும் அந்த ஆளை விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். விட்டால் அடுத்த நிமிஷம் அவர் ஒரு கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆகவே தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறார், தங்கை பிழைத்துவிட்டால் அந்தக் கேள்வி கிடையாது. என் தலையை வைத்து உங்கள் விடையைச் சரிபார்க்கப் போகிறீர்களா அண்ணே. மாட்டேன். அது இருக்கட்டும், உன் கேள்வி என்ன ஆச்சு செம்பகம். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறாய், வந்து வந்து திரும்புகிறாய், புரோட்டானுக்கு ஓடுகிறாய், துத்தநாகத்துக்கு ஓடுகிறாய். நில். அடுப்படி. காலை பத்து மணி, சனிக்கிழமை. மதினி தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், செண்பகவல்லி காபி கிளாஸோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். மதினி தோலியைப் பிதுக்கியபடியே நிமிராமல் கேட்டாள். "ஏ செம்பகம். நீ பிசிக்ஸ் டீச்சர்தான. அவரு சொல்லுதது நெசமா? அப்படி ஒண்ணு இருக்கா?" அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் அல்லது இல்லை. நடுவில் விடை இல்லாத கேள்வி. அவளோ ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னாள், "நமக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு மதினி."

பொய்யா அது? பொய் இல்லை. அதுதான் கொடுமை. இருபத்தேழு வருஷமாக வகுப்பில் பெருமையாகச் சொல்கிற வாக்கியம். எலக்ட்ரானைப் பற்றிச் சொன்னால் அது அடக்கம். அடுப்படியில், நெல்லிக்காய் அளவு கட்டியோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம் சொன்னால் அது கோழைத்தனம். இல்லை என்று சொல்லியிருந்தால் சாயங்காலம் அண்ணன் கேட்டிருப்பார், எங்கள் விஷயத்தில் நீ என்ன பேசுவது என்று, வீட்டில் முகம் சுண்டியிருக்கும், நாலு நாள் சாப்பாடு இறங்கியிருக்காது. அந்த நாலு நாளுக்காக. மதினி, "அப்படியா" என்று சொல்லிவிட்டு முறத்தைப் புடைத்தாள். அவள் முகம் தெளிந்தது, அதுதான் இன்னும் தாங்கவில்லை, பிசிக்ஸ் டீச்சரே சொல்லிவிட்டாள் என்று தெளிந்த முகம். பிறகு அந்தக் கடைசி நாட்களில், எலும்பெல்லாம் பரவி, தண்ணீர் கேட்கத் தெம்பில்லாமல் கிடந்தபோது காதோரம் கூப்பிட்டு, "நான் சரியா நெனைக்கலையோ செம்பகம்?" என்றாள். செத்துக்கொண்டிருக்கிறவள், தன் சாவுக்குத் தானே குற்றவாளி என்று நம்பிச் செத்தாள். அப்போதும் செண்பகவல்லி அவள் நெற்றியைத் தடவினாள், அவ்வளவுதான். சொல்லவில்லை. கண்ணோரமாக இறங்கிய தண்ணீர் வலது காதுக்குள் போய் ஹெட்போனை நனைத்தது, துடைக்க முடியாது, அசையக் கூடாது, ஒழுகட்டும். ரப்பர் பந்து கையில் பிசுபிசுத்தது. அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். அமுக்க மாட்டேன். முழுசாக எடுங்கள், அங்குலம் அங்குலமாக எடுங்கள், எவ்வளவு பெரிசு, எந்த இடத்தில், எதை அழுத்துகிறது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் யாரும் மழுப்ப வேண்டாம்.

வெளியே வந்தபோது அண்ணன் நடைபாதை நாற்காலியிலிருந்து எழுந்தார். காலடியில் ரெக்சின் பை. "முடிஞ்சுதா? வா, வழியில சாப்பிட்டுக்கிடலாம். மூணு மணிக்கு பஸ்ஸு."

"ரெண்டாவது மாடிக்குப் போறேன் அண்ணே. டாக்டரைப் பாக்கணும்."

"அதைப் பாக்கண்டாம்ங்கேன். பாத்துட்டா அது கெட்டியாயிரும்னு அவரு சொல்லுதாரு. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் எனக்காக வா."

"மதினி எங்கிட்ட ஒரு நாள் கேட்டாக," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது, ஒரு காது செத்ததிலிருந்து தன் குரலின் அளவு அவளுக்குத் தெரிவதில்லை, பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். "அந்த ஆளு சொல்லுதது நெசமான்னு கேட்டாக. இல்லைன்னு எனக்குத் தெரியும். சுத்தமாத் தெரியும். சொல்லல. உங்களுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல. இப்பச் சொல்லுதேன், அது பொய் அண்ணே. அந்தப் படத்துல இருக்கிறதுக்கும் அவன் சொல்லுததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மதினி சரியாத்தான் நெனைச்சாக. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

உலகநாதனின் முகம் கறுத்தது. "அப்ப நான் கொன்னுட்டேங்கியா?"

இந்த இடத்தில் அவள் எப்போதும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு, அப்படி இல்லண்ணே என்கிற வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். "நீங்க கூட்டிட்டுப் போனீங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும்தான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் நிற்கவில்லை. லிப்டில் கூட்டம், படியேறினாள், வலது பக்கம் உடம்பு லேசாகத் தள்ளாடியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். டாக்டர் சின்ன உருவம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிற மூளைக்கு ஓரத்தில் வெள்ளையாக ஒரு உருண்டை. அழகாகக்கூட இருந்தது. "ரெண்டே கால் சென்டிமீட்டர். கேக்கிற நரம்புல வந்திருக்கு. இது பொதுவா கேன்சர் கிடையாதும்மா. ஆனா விட்டா மூளைத்தண்டை அழுத்தும். எடுத்துரணும். அந்தக் காது திரும்ப வராது, முகத்து நரம்பு பக்கத்துலயே ஓடுது, அதுக்கும் கொஞ்சம் ரிஸ்க் இருக்கு."

"முகம் கோணுறதுக்கு நூத்துக்கு எவ்வளவு வாய்ப்புன்னு சொல்லுங்க டாக்டர். சும்மா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க."

அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு, எண்களை எழுதிச் சொன்னார். நல்ல எண்களும் இருந்தன, நல்லதில்லாத எண்ணும் ஒன்று இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள், ஒன்றை இரண்டாம் தடவை கேட்டாள், அடுத்த மாதம் ஏழாம் தேதி என்று நாளும் குறித்தாயிற்று. அப்போது கதவு திறந்தது. அண்ணன் நின்றார். கையில் பை இல்லை. டாக்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பார்வையை விலக்காமல் அந்த வெள்ளை உருண்டையையே பார்த்தார்.

"டாக்டர். ஒரு கட்டி. மாருல. நெல்லிக்காய் அளவு," என்றார். "அன்னைக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா..."

டாக்டர் குழப்பத்தோடு, "இவங்களுக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. எங்க மதினிக்கு," என்றாள் செண்பகவல்லி. விடுங்கண்ணே, இப்ப எதுக்கு என்று சொல்லி அவரை வெளியே கூட்டிப் போய்விடலாம். பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "உக்காந்து முழுசாக் கேளுங்கண்ணே."

அவர் உட்கார்ந்தார். "என் பொண்டாட்டி பிழைச்சிருப்பாளா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "என் துறை இல்லை. இருந்தாலும் தெரிஞ்சதைச் சொல்றேன். மழுப்பாம சொல்லட்டுமா?"

"சொல்லுங்க," என்றாள் அவள், அண்ணனுக்கு முன்னாலேயே. அண்ணனும் தலையை ஆட்டினார்.

"அப்ப முதல்ல இருந்து சொல்லுங்க. எத்தனை வயசு, எப்பத் தெரிஞ்சுது, யார் கிட்டப் போனீங்க. ஒண்ணொண்ணா."

செண்பகவல்லி நாற்காலியைத் திருப்பி, கேட்கிற இடது காதை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டாள். உலகநாதன் இரண்டு கைகளையும் மேஜை மேல் ஊன்றினார்.

"பேரு ஆவுடையம்மா," என்று தொடங்கினார்.